போனில் 5ஜி என்று காட்டுகிறது, ஆனால் வீட்டுக்குள் நெட் 4ஜியை விட மெதுவாக இருக்கிறதே, ஏன்?

இதே கேள்வியோடு இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். தென்காசிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்துதான் வேலை பார்க்கிறேன். போனின் உச்சியில் 5ஜி என்று இருக்கும், மீட்டிங்கில் மட்டும் "உங்க வாய்ஸ் கட் ஆகுது" என்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கும். கஸ்டமர் கேரில் ஒரே பதில்தான்: போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

விஷயம் அலைவரிசையில் இருக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியபோது, வேகத்துக்கு நம்பியது 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத்தான். அதன் அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர். காங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், சுவரை ஓரளவு சமாளித்து உள்ளே வரும். 2022 அலைக்கற்றை ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டும்தான். ஆனால் அதன் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ், 3300இல் வாங்கியதோ 100. உள்ளே வருவது ஒற்றையடிப் பாதை, நாற்கரச் சாலை வாசலோடு நின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. வெயிலுக்காக மொட்டை மாடி முழுக்கத் தகர ஷீட் போட்டிருக்கிறோம். ரேடியோ அலைக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

சரி, அவர்கள் குரல் கேட்கிறது, என் குரல் ஏன் போகவில்லை? டவர் பல வாட் சக்தியில் பேசும். போன் பெரும்பாலும் 0.2 வாட் அளவில்தான் பதில் சொல்லும். கோயில் மைக்கில் கூப்பிடுவது நமக்குக் கேட்கும், நாம் இங்கிருந்து கத்துவது அங்கே கேட்குமா? ஸ்பீடு டெஸ்டில் எல்லோரும் டவுன்லோட் எண்ணையே பார்க்கிறார்கள். என் அறையில் 5ஜி அப்லோட் 0.4 எம்பிபிஎஸ். அதே நாற்காலியில் 4ஜிக்கு மாற்றினால் 6.

அப்புறம் அந்த 5ஜி அடையாளம். 4ஜியைத் துணைக்கு வைத்து ஓடும் 5ஜி முறை ஒன்று உண்டு. அதில் பக்கத்து 4ஜி டவர் "என்னிடம் 5ஜி வசதி உண்டு" என்று அறிவித்தாலே பல போன்கள் 5ஜி என்று போட்டுவிடும். அந்த நேரத்தில் உண்மையில் 4ஜியில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் *#*#4636#*#* என்று டயல் செய்து பாருங்கள், பல போன்களில் திறக்கும். சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 115ஐத் தாண்டினால் கஷ்டம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். என் அறையில் மைனஸ் 118, மாடிப்படி ஜன்னலில் மைனஸ் 92. டவர் இருக்கும் பஸ் ஸ்டாண்டு அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஜன்னல் இல்லாத வீடு என்றால் செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என்று வைத்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சிம் மாற்றும் யோசனை இருந்தால், அதற்கு முன்பு நிறுவனங்களின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த விதிப்படி அதை வெளியிட்டே ஆக வேண்டும். ஆனால் அதில் உங்கள் தெரு தெரியும், உங்கள் சுவர் தெரியாது. அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி உங்கள் அறையில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இப்போது ஒரு பழைய போன் அந்த ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்குகிறது, ஹாட்ஸ்பாட் அதிலிருந்துதான். என் மேசையும் மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது. தூறல் விழுந்தால் அம்மா முதலில் குரல் கொடுப்பது மாடியில் காயும் வடகத்துக்கு, அப்புறம்தான் என் போனுக்கு.