அரை மராத்தான் ஓடும் மளிகைக் கடைக்காரருக்குப் பத்து லட்சம் கடன் தேவையா?

கேள்வி: திருச்சியில் 14 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். ஜனவரியில் எங்கள் தெருமுனையில் ஏசி வசதியுடன் ஒரு சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. நாளுக்கு 15,000 ரூபாயாக இருந்த என் விற்பனை 11,500 ஆகிவிட்டது. சராசரியாக 12 சதவீதம் லாபம் நிற்கும். வாடகை, மின்சாரம், கடைப் பையன் சம்பளம் உட்பட மாதச் செலவு 25,000. சரக்கு வாங்கத் தண்டல் எடுக்கிறேன்: கையில் 90,000 தருவார்கள், நாளுக்கு 1,000 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. வங்கியில் வைப்புத்தொகை 3 லட்சமும், மனைவியின் நகையும் இருக்கின்றன. 10 லட்சம் கடன் வாங்கிக் கடையை அவர்களைப் போலவே மாற்றி, விலையையும் 5 சதவீதம் குறைக்கலாமா? நான் ஆண்டுதோறும் அரை மராத்தான் ஓடுகிறவன். பாதியில் நின்று பழக்கமில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பாதியில் நின்று பழக்கமில்லை என்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அந்த வரிதான். நன்றாகப் பயிற்சி எடுத்தவர் 21 கிலோமீட்டரை உடம்பில் இருக்கும் சேமிப்பை வைத்தே ஓடிவிடலாம். முழு மராத்தான் அப்படியல்ல. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு 30, 32 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். தொடக்கத்தில் ஆசைப்பட்டு வேகம் பிடித்தவருக்கு அதற்கு முன்பே தீரும். அதன் பிறகு எவ்வளவு வைராக்கியம் இருந்தாலும் கால் எழாது. உங்கள் கடை இப்போது அந்த இடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 11,500 என்றால் மாதம் 3,45,000. அதில் 12 சதவீதம் 41,400. செலவு 25,000 போக மிஞ்சுவது 16,400. வீட்டுச் செலவும் இதிலிருந்துதான். ஆனால் தண்டலுக்கு மட்டும் மாதம் 30,000 கட்டுகிறீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சரக்கின் முதலிலிருந்து. பருப்பு மூட்டையை விற்ற காசைத் தண்டல்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மூட்டை வாங்க அவரிடமே கை நீட்டுகிறீர்கள். மேல் தட்டில் பின்வரிசை காலியாகி, இருக்கும் டப்பாக்களை முன்னால் இழுத்து அடுக்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 100 நாளில் 10,000 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குக் கணக்கிட்டால் இது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அடுத்து விலைக் குறைப்பு. நூறு ரூபாய் விற்பனையில் 12 ரூபாய் நிற்கிற இடத்தில் 5 ரூபாயை விட்டுக்கொடுத்தால் மிச்சம் 7. இன்றைக்குக் கிடைக்கும் அதே 41,400-ஐ எடுக்க, நீங்கள் விற்கும் சரக்கின் அளவு 71 சதவீதம் கூட வேண்டும். ரூபாயில் நாளுக்கு ஏறக்குறைய 18,700. போட்டியே இல்லாத காலத்தில்கூட உங்களுக்கு 15,000-தான் ஆனது. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் நிறுவனத்தோடு விலையில் மோதுவது, உங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓடுகிறவரின் வேகத்தில் ஓடுவது.

2018 பெர்லின் மராத்தானில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 39 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. வேகம் காட்ட உடன் ஓடியவர்களில் கடைசி ஆள் 25-வது கிலோமீட்டரில் விலகிவிட்டார். மீதி 17 கிலோமீட்டரும் தனியாகத்தான். அப்போதும் வேகம் குலையவில்லை. என்ன வேகம் என்பது அவருக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. உங்கள் கடைக்கும் அப்படி ஒரு எண் உண்டு. 25,000 செலவும், வீட்டுக்கு 15,000-மும் எடுக்க மாதம் 40,000 லாபம் வேண்டும். நாளுக்குச் சுமார் 11,100 விற்றால் போதும். அதாவது, தண்டல் இல்லாவிட்டால் இன்றைய விற்பனையிலேயே கடை தன் காலில் நிற்கிறது!

10 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 21,700. ஏசிக்கான மின் கட்டணம் தனி. 16,400 மிஞ்சும் கடை இதைத் தாங்காது. நகையைத் தொடவே வேண்டாம்.

இப்போது ஓடும் தண்டல் முடியட்டும். முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவசரப்பட்டு அடைப்பதில் லாபமில்லை. ஆனால் அடுத்ததை எடுக்காதீர்கள். வைப்புத்தொகையில் 2 லட்சத்தின் மீது அதே வங்கியில் ஓவர்டிராஃப்ட் (வைப்பை உடைக்காமல், அதை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் கடன்) கேளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள். வைப்புக்கு உங்களுக்குத் தரும் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. 8 சதவீதம் என்றே வைத்தாலும் 90,000-க்கு மாதம் 600 ரூபாய். தண்டலில் அதே பணத்துக்கு மாதம் 3,000 போகிறது. மீதி 1 லட்சம் நான்கு மாதக் கடைச் செலவு. அது உங்கள் கிளைகோஜன். மகள் கல்யாணம் என்றாலும் கடைக்காக ஒதுக்கியதை எடுக்காதீர்கள்.

கடன் நோட்டையும் பிரித்துப் பாருங்கள். சம்பளம் வந்த வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ரொக்கமாக வாங்கிவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் உங்களிடம் வந்து ‘எழுதிக்கங்க அண்ணே’ என்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய மாதச் செலவை நீங்கள் தண்டல் வட்டிக்குக் கடன் வாங்கி நடத்துகிறீர்கள். பழைய பாக்கி தீராமல் புதிதாக எழுதாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்.

காலை ஆறு மணிக்குக் கடை திறப்பது, ஐம்பது கிராம் கடுகை நிறுத்துக் கொடுப்பது, போனில் சொன்னால் மாவும் பாலும் வீட்டுக்கு அனுப்புவது ஆகியவற்றில் உங்களுக்கு வலு இருக்கிறது. ஆறு மாதம் தண்டல் இல்லாமல் ஓடிய பிறகு, பில்லிங் கருவிக்கும் ஒரு ஃப்ரீசருக்கும் 1.5 லட்சம் போதும். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல். மூன்றாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 4,900 வரும். அந்த வேகத்தை உங்கள் கடை தாங்கும்.

ஒன்றில் மட்டும் கடையும் ஓட்டமும் ஒத்துப்போகவில்லை. மராத்தானில் 42.195-வது கிலோமீட்டரில் கோடு இருக்கிறது, கடையில் இல்லை. அதனால் நேர வரம்பையாவது நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயத்தில் வழியிலேயே நேர வரம்புகள் உண்டு. குறித்த நேரத்துக்குள் அந்த இடத்தைத் தாண்டாதவர்களை மேலே ஓட விடமாட்டார்கள். அடுத்த மார்ச் 31 உங்களுக்கு அப்படி ஒரு இடம். தொடர்ந்து மூன்று மாதம் வீட்டுக்கு 15,000 எடுக்க முடியாமல் போனாலோ, அந்த 1 லட்சத்தில் பாதி கரைந்திருந்தாலோ, புதிதாகக் கடன் வாங்காமல் கடையைக் கைமாற்றும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முன்பணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மார்ச்சுக்கு முன்பே புதுப்பிக்க வேண்டியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.