காந்தியோன் பீர் ஏன் இப்படிப் புளிக்குது? – கடிதம்

வணக்கம் சார்,

ஆபீஸ் வேலையா பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன். ஈஸ்ட் போடாம தானா நொதிக்கிற லாம்பிக் பீர் பத்தி நீங்க சொன்னது மனசுல இருந்ததால, ஒரு மத்தியானம் வேலைய முடிச்சிட்டு காந்தியோன் ப்ரூவரிக்குப் போனேன். மிடி ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம்தான். வெளிய போர்டு இல்லேன்னா ஏதோ பழைய குடோன்னு நெனச்சு தாண்டிப் போயிருப்பேன். உள்ள ஒரே தூசி, ஒட்டடை, மரப் பீப்பாய். சுத்திப் பாத்துட்டு கடைசில டேஸ்ட் பண்ண குடுத்தாங்க. முதல் கிளாஸ்ல நுரையே இல்ல, கேஸ் இல்ல, வாயில வெச்சா பல்லு கூசுற புளிப்பு. அடுத்தது பரவால்ல, கொஞ்சம் பொங்குச்சு, ஆனா அதுவும் புளிப்புதான். பக்கத்துல நின்ன அமெரிக்காக்காரர் கண்ண மூடி ரசிச்சுக் குடிக்கிறார், எனக்கு ஒண்ணும் புரியல.

ரெண்டு கேள்வி சார். இத ஏன் இவ்ளோ கொண்டாடுறாங்க? இன்னொன்னு, 1900ல இருந்து ஒரே குடும்பம் நடத்துதுன்னு பெருமையா சொல்றாங்களே, அதுக்கும் பீரோட டேஸ்டுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல டூரிஸ்டுக்குச் சொல்ற கதையா? பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கி இதே பீர நிறைய பண்ணா என்ன கெட்டுப்போயிடும்?

(பெயர் வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க முதல்ல குடிச்சது கெஸ் (gueuze, பல வயசு லாம்பிக்கக் கலந்து பண்றது) இல்ல, வெறும் லாம்பிக். பீப்பாயில இருந்து நேரா எடுத்தது, அதனாலதான் கேஸ் இல்ல. ரெண்டாவது கிளாஸ்தான் கெஸ், அந்த ப்ரூவரியோட முக்கியமான பீர். இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா உங்க ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் கெடைச்சிடும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

சாதாரண பீருக்கு ஈஸ்ட்ட மனுஷன்தான் போடுவான். லேப்ல வளர்த்த ஒரே வகை ஈஸ்ட், ஒரே டெம்பரேச்சர், ரெண்டு மூணு வாரத்துல பீர் ரெடி. காந்தியோன்ல ஈஸ்ட் போடுறதே கிடையாது. முளைகட்டின பார்லி 65 சதவீதம், முளைகட்டாத பச்சைக் கோதுமை 35 சதவீதம், இத சுடுதண்ணில ஊறவெச்சுச் சாறு எடுத்து மணிக்கணக்கா கொதிக்க விடுறாங்க. அதுல போடுற ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பு குடுக்குற பூ) ரெண்டு மூணு வருஷம் பழசு, கசப்பு போனது, கெட்ட கிருமிய அடக்குறதுக்கு மட்டும்தான் அது. அப்புறம் அந்தக் கொதிக்கிற சாற மேல கூரைக்குக் கீழ இருக்குற ஒரு பெரிய செம்புத் தொட்டியில விடுறாங்க. ஆழம் இல்லாத அகலமான தொட்டி, 7,500 லிட்டர் கொள்ளும், நீங்களும் மாடியில பாத்திருப்பீங்க. ராத்திரி பூரா அது திறந்தே கிடக்கும். ஊர்க் காத்துல, அந்தக் கட்டடத்துல, மரத்துல இருக்குற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதுல வந்து சேரும். நம்ம வீட்ல இட்லி மாவு யாரும் எதுவும் போடாம தானா பொங்குதே, அதே வழிதான், ஆனா மாவுக்கு ஒரு ராத்திரி போதும், இதுக்கு மூணு வருஷம்.

காலையில 20 டிகிரி வாக்குல ஆறினதும் மரப் பீப்பாய்க்குப் போகும். முதல்ல குடல் பாக்டீரியா வகையறா கொஞ்ச நாள், அப்புறம் வழக்கமான ஈஸ்ட் வந்து சர்க்கரையில பெரும்பாலானத ஆல்கஹாலா மாத்தும், அதுக்கப்புறம் வெயில் காலத்துல பீடியோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா வந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும், உங்க பல்ல கூச வெச்சது இதுதான். கடைசில ப்ரெட்டனோமைசிஸ்ங்கிற காட்டு ஈஸ்ட் வந்து மத்ததெல்லாம் தின்னுட்டு மிச்சம் விட்ட சர்க்கரையையும் மெதுவா தின்னு, குதிரை லாயம், ஈரத் தோல், பழைய நிலவறை மாதிரி ஒரு வாசத்தக் குடுக்கும். ஒருத்தர் வேலைய முடிச்சாத்தான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும், அவசரப்படுத்த வழியே இல்ல. இதுக்கு நடுவுல பீப்பாய் மரம் வழியா ஆவியா போறது வேற, மூணு வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் காணாமப் போயிடும்.

இப்ப கெஸ்ஸுக்கு வரேன். ஒரு வருஷ லாம்பிக்ல இன்னும் சர்க்கரை மிச்சம் இருக்கும், ஆனா ருசி பக்குவப்பட்டிருக்காது. மூணு வருஷத்ததுல ருசி ஆழமா இருக்கும், ஆனா பொங்க ஒண்ணுமே இருக்காது. ரெண்டு வருஷத்தது நடுவுல. இந்த மூணையும் கலந்து பாட்டில்ல அடைச்சு, கார்க் போட்டு, மேல இரும்பு மூடியும் போட்டு, நிலவறையில படுக்க வெச்சிடுவாங்க. சின்ன வயசு லாம்பிக்ல இருக்குற சர்க்கரை பாட்டிலுக்குள்ளயே மறுபடி நொதிச்சு, மாசக்கணக்குல தானா கேஸ் உண்டாகும். வெளிய இருந்து கேஸ் ஏத்துறது இல்ல.

எந்தப் பீப்பாய எதோட கலக்குறதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. ஒரே நாள் காய்ச்சினது பத்து பீப்பாய்க்குப் போனா பத்தும் பத்து விதமா வளரும். ஒண்ணு ரொம்பப் புளிச்சிருக்கும், ஒண்ணு கசக்கும், ஒண்ணுல பழ வாசம் வரும். இத மூக்கும் நாக்கும்தான் கண்டுபிடிக்கணும், எந்த மெஷினும் சொல்லாது. இப்ப அதப் பண்றவர் ழான் வான் ராய், நாலாவது தலைமுறை. பல பீப்பாய ருசி பாத்து அதுல சிலத மட்டும் எடுத்து ஒரு கலவை பண்றார். அவருக்கு அத அவங்க அப்பா ழான்-பியர் சொல்லிக் குடுத்தார், அவர் அந்த வீட்டு மருமகன், காந்தியோன் குடும்பத்துப் பொண்ண கட்டிக்கிட்டு வந்து மாமனார் கிட்ட தொழில் கத்துக்கிட்டவர்.

குடும்பக் கதை சும்மா அலங்காரமான்னு கேட்டீங்களே, இல்லவே இல்ல, நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன். இந்த வருஷம் காய்ச்சுறதுல ஒரு பங்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் காசாகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு காட்ட வேண்டிய கம்பெனியில உக்காந்திருக்குற மேனேஜருக்கு இந்தக் கணக்கு ஒத்தே வராது. அவர் என்ன பண்ணுவார்? சீக்கிரம் விக்கிறதுக்காக சின்ன வயசு லாம்பிக்க அதிகமாக்குவார், ஃபில்டர் பண்ணி, இனிப்பு சேர்த்து, கேஸ் ஏத்துவார். இது நான் கற்பனை பண்ணிச் சொல்றது கிடையாது, 1960கள், 70கள்ல பெல்ஜியத்துல கெஸ்ஸுக்கு நடந்ததே இதுதான். கோலாவும் இனிப்பு பீரும் வந்து ஜனங்க நாக்கு மாறிப்போச்சு, ஒண்ணு ஒண்ணா பழைய ப்ரூவரிங்க மூடுச்சு, மிச்சம் இருந்த பல பேர் இனிப்புக்கு மாறினாங்க. ஒரு காலத்துல நிறைய லாம்பிக் வீடுங்க இருந்த பிரஸ்ஸல்ஸ் ஊருக்குள்ள பழைய முறையில பண்றது பல வருஷம் காந்தியோன் மட்டும்தான் நின்னுச்சு. அப்பவும் ழான்-பியர் வான் ராய் விடல, விக்காத சரக்க வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு யோசிச்சு 1978ல ப்ரூவரியையே மியூசியமா தொறந்துவிட்டார். நீங்க சுத்திப் பாத்தீங்களே, அந்த டூர் அப்படி வந்ததுதான். டிக்கெட் காசும் வாசல்ல வாங்கிட்டுப் போற பாட்டிலும்தான் அந்தக் கஷ்டகாலத்த தாண்ட உதவுச்சு.

அந்த ஒட்டடையும் அப்படியே விட்டிருக்காங்க, சோம்பேறித்தனம்னு நெனச்சிடாதீங்க. பீர்ல ஊறப்போட பழம் வர்ற சீசன்ல பழ ஈ மொய்க்கும், மருந்து அடிச்சா காத்துல இருக்குற நல்ல கிருமிக்கும் ஆபத்து, அதனால சிலந்தி அந்த வேலையப் பாத்துக்குது, யாரும் கலைக்க மாட்டாங்க.

நிறைய பண்ண முடியாதாங்கிறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இவங்க குளிர்காலத்துல மட்டும்தான் காய்ச்ச முடியும், அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு ஏப்ரல் தொடக்கம் வரைக்கும். வெயில்ல அந்தத் தொட்டி சீக்கிரம் ஆறாது, காத்துல வேண்டாத கிருமியும் ஜாஸ்தி. இப்ப அந்தக் குளிர்காலமே சுருங்குது. 2015 நவம்பர்ல ராத்திரி குளிரே இல்லாம கொஞ்ச நாள் காய்ச்சுறத நிறுத்த வேண்டியதாச்சு. எனக்கு இந்த பீர் பத்தி இருக்குற ஒரே பெரிய கவலை இதுதான், கம்பெனி வாங்கிடுமோங்கிறதுகூட அதுக்கப்புறம்தான். சில வருஷம் முன்னாடி பக்கத்துலயே இன்னொரு கட்டடம் எடுத்து பீப்பாய்க்கு இடம் கூட்டினாங்க, அதனால அளவு கொஞ்சம் கூடியிருக்கு, ஆனா மூணு வருஷம் மூணு வருஷம்தான், அத யாராலயும் ரெண்டாக்க முடியல.

ரிஸ்க் எவ்ளோன்னு பாக்கணும்னா பேர்செல் ஊர்ல இருக்குற த்ரீ ஃபாண்டைனன்ங்கிற இன்னொரு லாம்பிக் ப்ரூவரியோட கதை தெரிஞ்சுக்கணும். அதுவும் அப்பா கிட்ட இருந்து மகனுக்கு வந்த ப்ரூவரி. 2009ல தெர்மோஸ்டாட் பழுதாகி, பாட்டில் வெச்சிருந்த ரூம் ரொம்பச் சூடேறி, ஆயிரக்கணக்குல பாட்டில் வெடிச்சு, மிச்சமும் வீணாப் போச்சு. அந்த மகன் ஆர்மண்ட் டெபெல்டர் வீணான பீர காய்ச்சி வடிச்சு சாராயமாக்கி வித்து, மத்த லாம்பிக்காரங்க கை குடுக்க, மறுபடி எழுந்து நின்னார். ஒரு கம்பெனியா இருந்தா அன்னிக்கே இழுத்து மூடி இன்ஷூரன்ஸ் வாங்கியிருக்கும்.

இப்ப உங்க நாக்குக்கு வரேன். முதல் வாய் எல்லாருக்கும் புளிப்பு மட்டும்தான் தெரியும். பீர்னு நெனச்சுக் குடிச்சா ஏமாத்தமாதான் இருக்கும், ஏன்னா மூளை மால்ட்டோட இனிப்பையும் கசப்பையும் எதிர்பாக்குது. அடுத்த தடவை ஜில்லுனு குடிக்காதீங்க, 12 டிகிரி வாக்குல இருக்கட்டும். மொதல்ல மோந்து பாருங்க, எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அடியில அந்த லாயத்து வாசம். சின்ன மடக்கா எடுத்து வாயில நிறுத்துங்க, மூணாவது நாலாவது மடக்குல புளிப்பு பின்னால போய் கோதுமையும் மரமும் முன்னால வரும். கூட கொஞ்சம் சீஸ் இருந்தா இன்னும் நல்லது, கொழுப்பு அந்தப் புளிப்ப அணைச்சுக்கும். அரை மணி நேரம் ஒரே கிளாஸோட உக்காருங்க. அப்பவும் பிடிக்கலேன்னா விட்டுடுங்க, எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கணும்னு இல்ல.

பழம் போட்டதுல கிரீக்ங்கிற (kriek) பீர்ல இருந்து ஆரம்பிக்கிறது சுலபம், முழு புளிப்புச் செர்ரிய லாம்பிக்ல ஊறப்போட்டுப் பண்றது, லிட்டருக்கு சுமார் 200 கிராம். ராஸ்ப்பெரி போட்ட ரோஸே த கேம்ப்ரினஸ் வாசத்துலயே ஆள இழுத்துடும். ஆப்ரிகாட் போட்ட ஃபூஃபூன் அங்க இருக்குறப்ப கெடைச்சா விட்டுடாதீங்க, எப்பவும் இருக்காது. கோதுமை இல்லாம முழுக்க மால்ட்ல பண்ற ஐரிஸ் எனக்கு அவ்ளோ ஒட்டல, அதுல இருக்குற கசப்பு புளிப்போட சண்ட போடுறதா தோணும், ஆனா அதுக்கும் ரசிகர்கள் இருக்காங்க. எனக்கு எப்பவும் கெஸ்தான், அதுல ஒளிச்சு வெக்க பழம்கூட இல்ல, கலக்குறவர் கை நேராத் தெரியும்.

ஊருக்கு எடுத்துட்டு வரதா இருந்தா பழ பீர சீக்கிரம் குடிச்சிடுங்க, பழ வாசம் ஒரு வருஷத்துலயே குறைய ஆரம்பிச்சிடும். கெஸ் நல்ல நிலவறையில இருபது வருஷம்கூடத் தாங்கும், ஆனா கோவை ஏப்ரல்ல அலமாரியில வெச்சா தாங்காது, ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. குடிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து, அடியில இருக்குற வண்டல் கலங்காம மெதுவா ஊத்துங்க.

அன்புடன்