சிர்கோனியா பூச்சில் விரிசல் ஏன்?

கேள்வி: எரிபொருள் மின்கலத் தட்டில் சிர்கோனியா என்ற பீங்கான் பொடிக் கலவையை ஸ்ப்ரே அடிக்கிறேன். சூளையிலிருந்து எடுத்தால் படலம் முழுக்க விரிசல். எங்கே கோளாறு?
– ஆய்வு மாணவி

பதில்: ஒரேயடியாகக் கனமாக அடிக்கிறீர்கள் போலிருக்கிறது. வேண்டிய தடிமன் சுமார் 10 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு). தட்டை இளஞ்சூட்டில் வைத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள். பூச்சின் ஈரப் பளபளப்பு மங்கிய பிறகே அடுத்தது. ரொம்பச் சூடாக்கினால் துளி வழியிலேயே உலர்ந்து பொடியாக விழும், அதுவும் ஆகாது.

நிக்கல் ஆக்சைடு கலந்த அந்தத் தட்டை முன்பே 1400 டிகிரியில் முழுதாகச் சுட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் படலம் மட்டும் சுருங்கும், தட்டு அசையாது. கிழியாமல் என்ன செய்யும்? முதலில் சுமார் 1000 டிகிரியில் அரைவேக்காடாகச் சுடுங்கள். பூச்சடித்தபின் இரண்டையும் சேர்த்து 1400-இல் சுடுங்கள். பிறகு பேனா மை ஒரு சொட்டு விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் கோடாகத் தெரிந்துவிடும்.