மாத்திரைப் பழக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனின் பையில் டேபென்டடால் மாத்திரையின் காலி அட்டைகள் கிடைத்தன. தலைவலிக்கு என்கிறான். கைச்செலவுக்குப் பணம் தராத நாட்களில் காய்ச்சல்காரன் போல சுருண்டு படுத்துவிடுகிறான். ஒரு வாரம் அறையில் பூட்டி வைத்தால் விட்டுவிடுவானா?

பதில்: டேபென்டடால் தலைவலி மாத்திரை அல்ல. கடும் வலிக்கு மருத்துவர் சீட்டின் பேரில் தருவது. மூளையில் மார்ஃபின் என்ற போதை தரும் வலிமருந்து போய் ஒட்டும் இடத்திலேயே இதுவும் ஒட்டும். 2018-ல் இதே வகை வலி மாத்திரையான டிரமடாலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது டேபென்டடால் அந்தப் பட்டியலில் சேரவில்லை.

நீங்கள் காய்ச்சல் என்று நினைப்பது மாத்திரை கிடைக்காத உடம்பின் தவிப்பாக இருக்கலாம். ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும்.

அதற்காகப் பூட்டி வைக்காதீர்கள். ஆபத்து பூட்டைத் திறந்த பிறகுதான். சில நாள் விட்டதுமே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். மனதின் ஆசை இறங்காது. பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு அடங்கிவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் நேரும் சாவுகள் பல இப்படித்தான்.

கூப்பிட்டும் எழாமல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, குறட்டை போல் மூச்சு இழுத்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காபி, மோர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அதை முறிக்கும் நாலக்ஸோன் ஊசியை உடனே போடுவார்கள்.

கையில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. அதில் சேர்த்திருக்கும் டால்க் போன்ற பொடிகள் ரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் அவசியம்.

கேள்வி: மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்று புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தருகிறார்கள். ஒரு போதைக்கு இன்னொரு போதையா? எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?

பதில்: இரண்டாவதற்கு முதலில்: மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் டேபென்டடால் போன்ற வலி மருந்துகளை போதைக்காக எடுக்கிறார். அக்கம்பக்கத்தார் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

புப்ரெனார்ஃபின், மூளையில் அந்த மாத்திரைகள் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டினாலும் அரைகுறையாகவே தூண்டும். தவிப்பு அடங்கும்; அளவு கூடினாலும் கிறக்கம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஆனால் பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் தவிப்பைச் சட்டென்று கிளப்பிவிடும். கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரமாவது கழித்து, தவிப்பு தொடங்கியதைப் பார்த்துத்தான் மருத்துவர் ஆரம்பிப்பார். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மருந்தைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அது டைசல்ஃபிரமாக இருந்தால், அதன்மேல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். பெயரில்லாத பொடி என்றால், உள்ளே என்ன என்பது விற்பவருக்கே வெளிச்சம். 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணில் நீங்கள் முதலில் பேசுங்கள். அவர் கூட இருக்க வேண்டியதில்லை.