வாக்கி-டாக்கியில் இத்தனை பொத்தான்கள் இருக்கின்றனவே, எதை முதலில் பழகுவது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் மலையேறப் போகும்போது பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி வாங்கியிருக்கிறோம். மெனுவைத் திறந்தால் நாற்பது அமைப்புகள் வருகின்றன. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. பேசினால் பாதி வார்த்தைதான் போய்ச் சேருகிறது. எப்படிப் பழகுவது?

பதில்:

பாதி வார்த்தைதான் போய்ச் சேருகிறது என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். மெனு அப்புறம்.

மலையேற்றக் குழுக்களிலும் நெடுந்தூர ஓட்டங்களிலும் பல வருடங்களாகத் தன்னார்வலராக ரேடியோ பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருபவரிடம் செட்டைக் கொடுத்ததும் நான் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: பக்கவாட்டில் இருக்கும் பெரிய பொத்தானை எப்படி அழுத்துவது, எப்போது விடுவது. அதைத்தான் பி.டி.டி. என்பார்கள். அழுத்தினால் உங்கள் செட் அனுப்பும், விட்டால் கேட்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. போன் மாதிரி குறுக்கே பேசவோ, ‘ம்’ கொட்டவோ முடியாது.

பொத்தானை அழுத்துங்கள். மனதுக்குள் ‘ஒன்று’ என்று எண்ணுங்கள். பிறகு பேசுங்கள். பேசி முடித்ததும் இன்னொரு முறை ‘ஒன்று’ எண்ணிவிட்டு விரலை எடுங்கள். உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி இதிலேயே சரியாகிவிடும். காரணம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த எதிர்முனைச் செட் தூங்கித் தூங்கி விழிக்கிறது. சிக்னல் வந்ததும் அது விழித்துக்கொள்ள வேண்டும். டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் ஓர் அடையாள ஒலி, பிறகு விரிவாகச் சொல்கிறேன்) வைத்திருந்தால், அது சரியான டோன்தானா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். நடுவில் ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், இருந்தால் அதுவும் கிளம்ப வேண்டும். எல்லாமே நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் ‘முருகா’ என்று நீங்கள் கூப்பிட்டது ‘கா’ என்று போய்ச் சேர அது போதும்.

சீக்கிரம் விரலை எடுப்பது இதைவிட ஆபத்து. அதிலும் தமிழில் பேசுகிறவர்களுக்கு. வேண்டாம், இல்லை, கூடாது, போகாதீங்க என்று நம் மொழியில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. ஒருமுறை முன்னால் போனவர் ஓடைக்கரையிலிருந்து, ‘தண்ணி ஏறுது, ஓடையைத் தாண்ட வேண்டாம்’ என்று சொன்னார். அவசரத்தில் விரலை ஒரு கணம் முன்பே எடுத்துவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது: ‘தண்ணி ஏறுது, ஓடையைத் தாண்ட’. தண்ணீர் இன்னும் ஏறுவதற்குள் தாண்டிவிடச் சொல்கிறார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். நல்ல வேளையாக எங்களில் ஒருவர், ‘தாண்டவா, நிக்கவா?’ என்று திருப்பிக் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் தடுக்கிற செய்தி எதுவானாலும் ‘நில்லுங்க’ என்றுதான் ஆரம்பிப்போம். ‘நில்லுங்க, நில்லுங்க. ஓடையில தண்ணி ஏறுது. அந்தப் பக்கமே இருங்க.’ இதில் எந்தத் துண்டு காணாமல் போனாலும் அர்த்தம் தலைகீழாகாது.

எண்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றையும் இரைச்சலுக்கு நடுவே சொல்லிப் பாருங்கள், ‘பது’ மட்டும்தான் காதில் விழும். எட்டும் பத்தும்கூட அப்படித்தான். அதனால் ‘எண்பது. எட்டு, சைபர்’ என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்தும் சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். திருப்பிச் சொல்வதை நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இந்த வகைச் செட்களில் வலுவான சிக்னல் மட்டுமே கேட்கும், மற்றது அப்படியே மறைந்துவிடும். மறைந்துபோன குரலுக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியாது. தான் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு நடந்துகொண்டிருப்பார்.

மைக்கை வாயோடு ஒட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு விரல் இடைவெளி விட்டு, சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் தூரம் கூடாது. உள்ளே இருக்கும் மின்சுற்று குரலின் உச்சத்தை வெட்டிவிடும், எதிர்முனையில் கரகரப்பாகக் கேட்கும். காற்று அடித்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள்.

அடுத்தது ஸ்க்வெல்ச். பலரும் தொடாமலேயே விட்டுவிடும் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாரும் பேசாதபோது ரேடியோவில் மழை பெய்கிற மாதிரி ‘ஷ்ஷ்ஷ்’ என்ற இரைச்சல்தான் இருக்கும். அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் வைத்த கதவுதான் ஸ்க்வெல்ச். வருகிற சிக்னல் குறிப்பிட்ட வலுவுக்கு மேல் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் மூடியே இருக்கும். பெரும்பாலான செட்களில் 0 முதல் 9 வரை அளவு வைத்திருப்பார்கள். 0-வில் வைத்தால் இரைச்சல் நிற்காது. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். எந்த எண்ணில் இரைச்சல் அடங்குகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள், அதிகம் போனால் ஒன்று கூட்டுங்கள். 9-இல் வைத்தால் செட் நன்றாக அமைதியாக இருக்கும். தூரத்தில் இருப்பவரின் மெல்லிய சிக்னலும் அந்த அமைதியில் காணாமல் போகும்.

அந்தக் கதவை ஒரு நிமிடம் கையால் தள்ளித் திறப்பதற்குத்தான் மானிட்டர் பொத்தான். பல செட்களில் பி.டி.டி.க்குக் கீழே சிறியதாக இருக்கும். அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஸ்க்வெல்ச்சும் இல்லை, டோனும் இல்லை, வருவது அத்தனையும் காதில் விழும். ஒரு ஓட்டத்தில் கடைசிச் சாவடியில் இருந்தவரிடமிருந்து ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார்கள் எல்லோரும். நான் மானிட்டரை அழுத்திக்கொண்டு செட்டைக் காதோடு வைத்தேன். இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவர் குரல். ஒருவருக்குக் கால் பிசகியிருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். என் செட்டில் ஸ்க்வெல்ச் 7-இல் இருந்தது. அதை 2-க்கு இறக்கியதும் கரகரப்போடு என்றாலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. யாராவது வெகுநேரம் பேசவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் மானிட்டரை அழுத்திக் கேளுங்கள்.

டோன் விஷயத்தில் குழப்பம் அதிகம். விளம்பரத்தில் ‘பிரைவசி கோட்’ என்று போடுவதால், வைத்துக்கொண்டால் வேறு யாருக்கும் கேட்காது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பேச்சோடு சேர்ந்து 67.0 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒரு மெல்லிய ஒலியும் போகிறது. இதைத்தான் சி.டி.சி.எஸ்.எஸ். என்று மெனுவில் போட்டிருப்பார்கள். டி.சி.எஸ். என்றால் அதே வேலையை எண் குறியீட்டால் செய்வது. அந்த ஒலி இருந்தால் மட்டும் உங்கள் நண்பரின் செட் வாயைத் திறக்கும். அதே சேனலில் டோன் வைக்காமல் கேட்பவருக்கு நீங்கள் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கும். டோன் உங்கள் காதைத்தான் அடைக்கிறது, மற்றவர் காதை அல்ல. அதனால் ரகசியம் எதையும் ரேடியோவில் பேசாதீர்கள். பேசத் தொடங்கும் முன் மானிட்டரை ஒரு கணம் அழுத்தி, அந்தச் சேனலில் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். டோன் இருப்பதால் அவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் போகலாம், நீங்கள் நடுவில் புகுந்து கெடுத்துவிடுவீர்கள்.

இன்னொரு அடையாளம்: நண்பர் பேசும்போது உங்கள் செட்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை. வால்யூமும் ஏற்றித்தான் இருக்கிறது. அப்படியென்றால் சேனல் சரி, டோன்தான் பொருந்தவில்லை. வேறு வேறு கம்பெனிச் செட்கள் கலந்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். ஒன்றில் கோட் 2 என்றால் 71.9 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் அதே 2 என்றால் 69.3. கோட் எண்ணைப் பார்க்காமல் ஹெர்ட்ஸைப் பார்த்து ஒன்றாக வையுங்கள். ஆறு பேரும் ஒரே மாதிரிச் செட் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. முதல் சில பயணங்களுக்கு டோனே இல்லாமல் போங்கள் என்பதுதான் என் கருத்து.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒருபோதும் பி.டி.டி.யை அழுத்தாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து, அனுப்பும் டிரான்சிஸ்டரையே கெடுத்துவிடக்கூடும். செட்டை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். (இரண்டாம் உலகப் போர்க்காலத்து எஸ்.சி.ஆர்.-536 கையடக்கச் செட்டில் ஆன்டெனாவை வெளியே இழுப்பதுதான் ஆன் செய்யும் சுவிட்சே. அதை நினைக்கும்போதெல்லாம் அப்படி யோசித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வருகிறது.) பேசும்போது ஆன்டெனா நேராக மேல்நோக்கி நிற்க வேண்டும். டார்ச் அடிக்கிற மாதிரி நண்பர் இருக்கும் திசைக்கு நுனியை நீட்டுகிறார்கள், அது நேர்மாறான வேலை. நுனி காட்டும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. இடுப்பில் மாட்டியபடியே பேசினால் உங்கள் உடம்பே பாதியை விழுங்கிவிடும். எடுத்து முகத்துக்கு நேரே பிடியுங்கள்.

சரியாகக் கேட்கவில்லை என்றால் உடனே பவரைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் இரண்டடி நகர்ந்து பாருங்கள். உதாரணமாக 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளம் சுமார் 67 சென்டிமீட்டர்தான். பாறையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் குரல் பளிச்சென்று வரும். அப்புறம் உயரம். சமதரையில் 1.5 மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே, பூமியின் வளைவு மட்டுமே தடையென்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மரமும் மேடும் குறுக்கே வந்தால் அதில் சிறு பங்குதான் மிஞ்சும். 1 வாட்டை 4 வாட்டாக்கினால் மெல்லிய குரல் கொஞ்சம் தெளியும், குறுக்கே மலை இருந்தால் பயனில்லை. பக்கத்து மேட்டில் ஏறி நின்றால் அதைவிட நிறையக் கிடைக்கும். அருகருகே நடக்கும்போது பவர் குறைவாகவே இருக்கட்டும், பேட்டரிதான் மிச்சம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வாக்ஸ் என்றால் பொத்தான் அழுத்தாமலேயே குரலைக் கேட்டு அனுப்பத் தொடங்குவது. அணைத்து வையுங்கள். மூச்சு வாங்கினாலும் காற்று அடித்தாலும் திறந்துகொள்ளும், முதல் அசையையும் தின்றுவிடும். டூயல் வாட்ச் இரண்டு சேனலை மாறி மாறிக் கவனிக்கும். ஆனால் நீங்கள் பதில் சொல்லும்போது எந்தச் சேனலில் போகிறது என்று புதியவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இப்போதைக்கு அதுவும் வேண்டாம். ஸ்கேன் யார் எங்கே பேசுகிறார்கள் என்று தேட நல்லது, நடக்கும்போது வேண்டாம். டி.ஓ.டி. என்பது ஒரேயடியாக அனுப்பிக்கொண்டிருந்தால் தானாக நிறுத்திவிடும் கடிகாரம். இதை 60 நொடியில் கட்டாயம் வையுங்கள். பைக்குள் திணித்த செட்டில் பி.டி.டி. அழுந்திக்கொண்டால் ஆறு பேரின் சேனலும் அடைபட்டுவிடும், அழுத்தியவருக்கோ எதுவும் கேட்காது. கீ லாக்கும் போட்டுக்கொள்ளுங்கள், சேனல் தானாக மாறாது. ஆனால் பெரும்பாலான செட்களில் கீ லாக் பி.டி.டி.யைப் பூட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

எந்த அலைவரிசையில், எத்தனை வாட்டில் உரிமம் இல்லாமல் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உதாரணமாக ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அரை வாட் வரைதான் அனுமதி. அலைவரிசையை நீங்களே மாற்றக்கூடிய செட் என்றால் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் பி.டி.டி.யைத் தொட வேண்டும். செட்டால் அந்த அலைவரிசைக்குப் போக முடிகிறது என்பது அனுமதி ஆகிவிடாது. போலீஸ், தீயணைப்பு, விமானம், கப்பல் பேசிக்கொள்ளும் இடங்களில் தெரியாமல் அழுத்தினாலும் அது யாருடைய உயிரோடோ சம்பந்தப்பட்டது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆறு பேரும் வெளியே போய்ப் பழகுங்கள். ஒரே அறையில் இரண்டு செட்டை வைத்துச் சோதித்தால் ஊளைச் சத்தம்தான் வரும், செட்டில் கோளாறோ என்று வீணாகப் பயப்படுவீர்கள். ஒருவர் நூறு மீட்டர் தள்ளி நின்று ஒரு எண்ணையும் ஒரு ‘நில்லுங்க’ செய்தியையும் சொல்லட்டும், மற்ற ஐவரும் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அவர் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போய் மறுபடி சொல்லட்டும். குரல் மெலியும் இடத்தில் எல்லோரும் மானிட்டரை அழுத்திக் கேளுங்கள், அவரை இரண்டடி நகரச் சொல்லுங்கள், ஸ்க்வெல்ச்சை ஒவ்வொரு எண்ணாக இறக்கிப் பாருங்கள். அப்புறம் ஆளை மாற்றுங்கள். ஆறு பேரும் ஒருமுறையாவது அந்தத் தூரத்து ஆளாக நின்றுவிட்டு, இரவு எல்லாச் செட்டையும் அணைத்து சார்ஜில் போடுங்கள்.