11 நிமிடத் தாமதத்துக்கு வேலையை விட்டு எடுக்க முடியுமா?

கேள்வி: டெக்சாஸில் ஒரு வேர்ஹவுஸில் 14 மாதமாக முழுநேர வேலை பார்த்தேன். காலை 6 மணி ஷிஃப்ட். என் மகனுக்கு ஆஸ்துமா. போன மாதம் அவனுக்கு மூச்சுத் திணறியதால் இரண்டு நாள் தாமதமாகப் போனேன். போன வாரம் 11 நிமிடம் லேட். அன்றைக்கே பேட்ஜை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நோட்டீஸும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன். கிரீன் கார்டு இருக்கிறது. இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமதம் மட்டும்தான் காரணம் என்றால், உரிமை உண்டு. மொன்டானாவைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ‘அட்-வில்’ முறைதான் பொதுவிதி. தனி ஒப்பந்தமோ யூனியனோ இல்லாவிட்டால் நோட்டீஸ் வேண்டாம், எச்சரிக்கை வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். அதையே பார்த்துப் பழகிய நமக்கு டெக்சாஸ் நடைமுறை அநியாயமாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் "நோட்டீஸ் தரவில்லையே" என்று வாதாடி நாளைக் கழிக்காதீர்கள்.

உங்களுக்குப் பிடிமானம் மகனின் ஆஸ்துமாவில் இருக்கிறது. காரணமே சொல்லாமல் நீக்கலாம். சட்டம் தடுத்திருக்கும் காரணத்துக்காக நீக்கக் கூடாது. 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம், அங்கே எல்லாரும் எஃப்.எம்.எல்.ஏ. என்பார்களே அது, பிள்ளையின் கடுமையான நோய்க்காக ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு தருகிறது. மொத்தமாக எடுக்க வேண்டியதில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் ஒரு மணி, அரை மணி என்று துண்டு துண்டாகவும் எடுக்கலாம். ஆஸ்துமா தாக்கி வேலைக்கு வர முடியாமல் போவதை அந்தச் சட்டத்தின் விதிகளே உதாரணமாகக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட தாமதத்தை வருகைக் கணக்கில் உங்கள் மீதான குறையாகச் சேர்த்து நீக்கினால் அது சட்டமீறல்.

இதற்குத் தகுதி வேண்டும். 12 மாத வேலை உங்களுக்கு முடிந்துவிட்டது. கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். முழுநேர வேலை என்பதால் அதுவும் தேறும். நீங்கள் வேலை பார்த்த இடத்திலிருந்து 75 மைலுக்குள் அந்தக் கம்பெனிக்கு 50 பேராவது இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மகனை டாக்டரிடம் காட்டிய பதிவும் வேண்டும்.

அந்த மெசேஜ்களை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "லேட்டாகும்" என்று மட்டும் இருந்தால் அது உதவாது. "பையனுக்கு மூச்சுத் திணறல், நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று இருந்தால் போதும். முதல் தடவை சட்டத்தின் பெயரைச் சொல்லி விடுப்பு கேட்க வேண்டும் என்பதில்லை. தாமதத்தைச் சொல்லக் கம்பெனியில் தனி போன் நம்பர் இருந்ததா என்றும் பாருங்கள். இருந்தால், ஏன் அதில் கூப்பிடவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள்.

இன்னொன்று. மூன்றாவது தாமதம் ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் மகனுக்காக என்றால் உங்கள் பக்கம் வலுவானது. டிராஃபிக் என்றால் வலு குறையும். ஆனாலும் முந்தைய இரண்டையும் சேர்த்து எண்ணித்தான் நீக்கினார்கள் என்று காட்ட முடிந்தால் வழக்கு உயிரோடு இருக்கும். எதுவானாலும் நடந்ததையே சொல்லுங்கள். அவர்களிடம் எல்லாம் பதிவாகியிருக்கும்.

புகாரை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதியம், வேலைநேரப் பிரிவில் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வழக்குப் போட பொதுவாக 2 ஆண்டு அவகாசம். அதற்குள் கம்பெனி ஏதாவது பணம் தந்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். உரிமையையெல்லாம் விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும்.

அப்புறம், வீட்டுச் செலவு. டெக்சாஸில் நீக்கப்பட்டவரின் கடைசிச் சம்பளத்தை 6 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையின்மை உதவித்தொகைக்கு டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். தாமதத்துக்காக நீக்கியவர்களுக்குக் கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. நீங்கள் நடத்தைக்கேடாக நடந்தீர்கள் என்பதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும். எழுத்தில் எச்சரிக்கை தராதது இங்கேதான் உங்களுக்குக் கைகொடுக்கும். மறுத்துக் கடிதம் வந்தால், அது அஞ்சலில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணிவிடாதீர்கள்.