வடிந்தது இரண்டரை லிட்டர், ஊற்றியது மூன்றரை: கியர் ஆயில் கூடிப்போனால்

நண்பரே, தயவுசெய்து இப்போதைக்கு வண்டியை எடுக்காதீங்க. உங்க 2010 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்கில் இரண்டரை லிட்டர் கியர் ஆயில் வடிந்தும், வண்டிக் கையேட்டில் இருந்த பெரிய எண்ணைப் பார்த்து மூன்றரை ஊற்றிட்டதா எழுதியிருக்கீங்க. கையேட்டில் பெரிதா இருக்கும் எண் கியர்பாக்ஸையே பிரித்து மாட்டும்போது நிரப்பும் அளவு. எஞ்சின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் ஆயில், ட்ரெயின் போல்ட் (அடியில் ஆயிலை வடிக்கும் திருகு) வழியா வராது. அதனால எவ்வளவு வடிந்ததோ அவ்வளவுதான் திரும்ப ஊற்றணும்.

கூடுதலா இருந்தா உள்ளே சுழலும் பல்சக்கரங்கள் ஆயிலை அடிச்சு நுரையாக்கிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துளையில் மெல்லிய குழாயை விட்டு, பெரிய சிரிஞ்சால் ஒரு லிட்டரை உறிஞ்சி, அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்க.

பிறகு சமதரையில், கியரை P-யிலேயே (பார்க்கிங்) வைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை எஞ்சினை ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம ஐடிலிங்கில் ஓட விடுங்க. எஞ்சினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்க. ஓடும் எஞ்சினில் பார்ப்பது டொயோட்டா முறை, இதற்கு ஒத்துவராது.

இன்னொன்று: ட்ரெயின் போல்ட் நுனிக் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது? விரலில் மை போலக் குழையும் சாம்பல் பசைன்னா கவலையே வேண்டாம், என் வண்டியிலும் ஒவ்வொரு தடவையும் அதுதான். நெருடும் இரும்புச் சில்லுன்னா மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.